வாங்கு, தூங்கு

நான் இருந்தேன். அம்மா இருந்தாள், மணலில், மீன் விற்கிற அன்னக்கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. நைனா இருந்தார், கயிறு சுருட்டிக்கொண்டு. பெரியப்பா இருந்தார். அவர் பின்னால் எங்கள் குப்பத்து வலைக்காரர்கள் இருந்தார்கள். எல்லாருக்கும் வெள்ளைச் சட்டை, எல்லாம் இரவல். செங்கல்பட்டுப் பக்கத்து சர்ச் பாட்டுக்குழு இருந்தது. அதில் முன்வரிசையில் சர்ச் அக்கா இருந்தாள். பாட்டு வாத்தியார் இருந்தார். அவருடைய ஆர்மோனியப் பெட்டி இருந்தது. அப்புறம் நீங்கள், ரெண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும். ரெட்டைப் பின்னல், பச்சை ரிப்பன். மேடை ஏறுகிற அவசரத்தில் ஒருத்தி செருப்பைத் தொலைத்தாள். யார் என்று சொல்லமாட்டேன்.

இவ்வளவுதான் ஆள்.

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தி கேட்டாள், அன்றைக்கு மேடையில் மொத்தம் எத்தனை பேர் என்று. கேளம்பாக்கத்தில் பேத்தி பள்ளிக்கூடத்தில் நாலு பள்ளிக்கூடம் சேர்ந்து பாடினார்களாம். அதைப் பார்த்து ஞாபகம் வந்ததாம். ஆளுக்கு ஒரு கணக்கு போட்டீர்கள். நான் ஒன்றும் போடவில்லை. அந்தச் சின்ன எழுத்தில் எனக்கு விரல் ஓடாது. அன்றைக்கு எண்ணினவர் எங்கள் பெரியப்பா. அவரைச் சொல்லாமல் கணக்கைச் சொல்ல முடியாது. அதனால் தாளில் எழுதுகிறேன். பேரன் படம் பிடித்துப் போடுவான். நான் படித்தது எட்டாவது வரைக்கும். அதற்குத் தகுந்த மாதிரி படித்துக்கொள்ளுங்கள்.

அது தை மாசம். கடல் அடங்கி இருக்கும். காலையில் பனி, சவுக்குத் தோப்பில் இருந்து சொட்டும். நம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நாள் முழுக்க உளிச் சத்தம். கல் செதுக்குகிறவர்கள் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருப்பார்கள். பாட்டு வாத்தியார் அந்தச் சத்தத்தை வைத்தே நமக்குத் தாளம் சொல்லிக்கொடுத்தார். "காசு கொடுக்காம கிடைச்ச மிருதங்கம்" என்பார்.

அவர் செங்கல்பட்டில் இருந்து சனிக்கிழமை பஸ்ஸில் வருவார். ஆர்மோனியப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வருவார். கண்டக்டர் ஒருநாள், "சார், பாப்பாவுக்கு அரை டிக்கெட்டு எடுக்கணும்" என்றானாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்தப் பெட்டியில் ஒரு கட்டை பேசாது. உப்புக்காற்று அடித்து ஊமையாகிவிட்டது. பாட்டில் அந்த இடம் வந்தால் அவரே வாயைத் திறந்து பாடி அதை நிரப்புவார். பெட்டி, பெட்டி, பெட்டி, வாத்தியார், பெட்டி. நாம் சிரிப்போம். எனக்கு இன்றைக்கும் ஆர்மோனியம் கேட்டால் அந்த இடத்தில் ஓர் ஆம்பளைக் குரல் வரவேண்டும் போல இருக்கும்.

அவருக்கு ஓர் ஆசை. செங்கல்பட்டில் அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், வயல்காட்டு சர்ச் பாட்டுக்குழு, கடற்கரை ஆட்கள். எல்லாரையும் கடலோரத்தில் ஒரே மேடையில் நிறுத்திப் பாடவைக்க வேண்டும். நம் ஹெட்மிஸ்ட்ரஸ், "மீன்காரங்க நேரத்துக்கு வருவாங்களா சார்?" என்று கேட்டார். "சூரியனுக்கு முன்னாடி எழுந்திரிக்கிறவங்க அவங்கதான் டீச்சர்" என்றார் வாத்தியார்.

முதலில் எங்கள் பெரியப்பாவிடம் போனார். பெரியப்பாதான் குப்பத்தில் பெரியவலைக்குப் பாட்டுக்காரர். பெரியவலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். படகில் போய்க் கடலில் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வருவார்கள். கரையில் ரெண்டு வரிசை ஆள் நின்று கயிறு இழுப்பார்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் பதில் சொல்லி இழுப்பார்கள். அடி எடுக்கிறவர் பெரியப்பா.

"அந்தப் பாட்ட ஒரு தடவ பாடிக் காட்டுங்க" என்றார் வாத்தியார்.

"கயிறு கையில இல்லன்னா பாட்டு வராது சார்."

"சும்மா ரெண்டு வரி."

"சும்மா இன்னாத்துக்கு சார் பாடுவாங்க?"

அவ்வளவுதான் பேச்சு. வாத்தியார் திரும்பி வந்துவிட்டார். ஆனால் விடவில்லை. சனிக்கிழமை வகுப்பில் என்னைப் பார்த்து, "நீ குப்பத்துப் பொண்ணுதானே? உங்க வீட்டுல பாடுற பாட்டு ஒண்ணு பாடு" என்றார்.

எங்கள் வீட்டில் ஒரே பாட்டுதான். தம்பி கைக்குழந்தை. அம்மா அவனைத் தூளியில் போட்டு ஆட்டும்போது பாடுவாள். அதைப் பாடினேன்.

மடி வருது, தூங்கு
மணல் தொடுது, தூங்கு
குடி பொழைக்க, தூங்கு
மடி வந்தாச்சு, தூங்கு

வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மூடின கண்ணைத் திறக்காமலே நமக்கு அர்த்தம் சொன்னார். "பாருங்க பிள்ளைங்களா. குழந்தை மடியைத் தேடிப் போகல. தாய்மடி குழந்தையைத் தேடி நடந்து வருது. மணல்ல கால் வச்சு வருது. என்ன கற்பனை!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களுக்கு மடி என்றால் வலையின் வால். மீன் எல்லாம் கடைசியில் போய் விழுகிற பை. அது கரைக்கு வந்தால்தான் அன்றைக்குச் சோறு. பாட்டில் வருகிற மடி அந்த மடி. எனக்குத் தெரியும். ஆனால் வாத்தியார் இவ்வளவு நன்றாகச் சொல்லும்போது, அவர் சொல்கிறதும் இருக்கும்போல என்று விட்டுவிட்டேன்.

அவர் அதை மூணு குரலாகப் பிரித்தார். மெதுவாக, அலை திரும்பிப் போகிற மாதிரி. அதுதான் எல்லாரும் சேர்ந்து பாடுகிற பாட்டு என்று முடிவு செய்தார்.

சர்ச் பாட்டுக்குழு முதல் ஞாயிறு பூஜை முடிந்து மத்தியானம் வந்தது. லாரியில் நின்றுகொண்டே வந்தார்கள். வெள்ளைப் புடவை, நீலக் கரை. பாதிப் பேர் நடவு நடுகிறவர்கள். சிலர் செங்கல் சூளை. சர்ச் அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. கையில் எப்போதும் டெட்டால் வாசனை. அவர்கள் வரிசையாக நின்றார்கள். ஒருத்தரும் தாளைப் பார்க்கவில்லை. சர்ச் அக்கா வலது கையை லேசாகத் தூக்கினாள்.

அந்தக் குரலை எப்படிச் சொல்வது? நாம் எல்லாரும் பாடினால் அது பல பிள்ளைகள் பாடுகிற சத்தம். அவர்கள் பாடினால் ஒரே ஆள் பாடுகிற மாதிரி இருந்தது. ரொம்பப் பெரிய ஆள். என் பக்கத்தில் நின்றவள் என் கையைக் கிள்ளி, "இன்னாடி இது, வவுத்துக்குள்ள கேக்குது" என்றாள். எனக்கும் வயிற்றில்தான் கேட்டது.

அவர்களுக்கு ஒவ்வொரு குரலுக்கும் பேர் உண்டு. ஆல்ட்டோ, டெனர் என்று. எங்கள் குப்பத்து ஆட்கள் பின்னால் வந்தபோது வாத்தியார், "நீங்க எல்லாரும் டெனர்" என்றார். அன்றையில் இருந்து அவர்கள் தங்களை 'டின்னரு செட்டு' என்று சொல்லிக்கொண்டார்கள். பாட்டு முடிந்ததும் ஒருத்தர் கேட்பார், "சார், டின்னரு செட்டுக்கு டின்னரு எப்போ?"

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சர்ச் ஆட்கள் ஒரு மண்குடம் கொண்டுவந்தார்கள். எங்கள் ஆட்கள் அதில் தண்ணீர் குடிக்கவில்லை. தனியாக ஒரு குடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த வயசில் எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. ஒரே பாட்டு, ரெண்டு குடம். இப்போது எழுதும்போது கை நிற்கிறது. சர்ச் அக்காவுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். ஆனாலும் அவள் குரல் ஒரு இழை குறையவில்லை.

எங்கள் ஆட்கள் எப்படி வந்தார்கள் என்று கேட்பீர்கள். வாத்தியார் ரெண்டாம் தடவை போய், "கயிறோட வாங்க" என்றார். பெரியப்பா யோசித்தார். "கயிறோடன்னா வரலாம்" என்றார்.

வலைக்கயிறு சாதாரணக் கயிறு இல்லை. கை மணிக்கட்டுப் பருமன். தேங்காய் நாரும் தாரும் கலந்த வாசம். அதைப் பள்ளிக்கூட மைதானத்தில் கொண்டுவந்து குவித்தார்கள். ஒரு முனையைச் சவுக்கு மரத்தில் ரெண்டு சுற்றுச் சுற்றி, பிடிப்பு இருக்கிற மாதிரி நைனா பின்னால் நின்று விட்டுவிட்டுக் கொடுத்தார். மற்றவர்கள் முன்னால் நின்று இழுத்தார்கள். பெரியப்பா அடி எடுத்தார்.

மடி வருது, வாங்கு
மணல் தொடுது, வாங்கு
குடி பொழைக்க, வாங்கு

கயிறு இழுக்கிறதை எங்கள் ஆட்கள் கயிறு வாங்குகிறது என்பார்கள். ஒவ்வொரு வாங்குக்கும் ரெண்டு காலும் மணலில் புதையும். குதிகால் விழுகிற சத்தமே தாளம். உளிச் சத்தம் தோற்றுப் போனது.

வாத்தியார் பெட்டியில் இருந்து கையை எடுத்துவிட்டார். அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அது தாலாட்டு இல்லை. ஆனால் அவர் வெட்கப்படவில்லை. கையைத் தட்டி, "ஒரே பாட்டு! ஒரே பாட்டு ரெண்டு வேலை பார்க்குது!" என்று குதித்தார். அவ்வளவு பெரிய மனுஷன் குதித்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

சர்ச் அக்கா ஆர்வமாக, "நாங்க பாடுறதக் கேளுங்க அண்ணே" என்று கையைத் தூக்கினாள். அவர்களும் நாமும் சேர்ந்து பாடினோம். மடி வருது, தூங்கு.

வலைக்காரர்கள் விழுந்து சிரித்தார்கள்.

"கயித்தப் புடிச்சினு தூங்கினா மீனு வருமா?"

"அண்ணாத்த, நீ தூங்கு, நான் வாங்குறேன்!"

பெரியப்பா சிரிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"யாரு குடுத்தது இந்தப் பாட்டு?"

"நான்தான் பெரியப்பா."

"உனக்கு யாரு குடுத்தது?"

நான் சவுக்கு மரத்துப் பக்கம் பார்த்தேன். அம்மா மீன் விற்றுவிட்டு என்னைக் கூட்டிப்போக வந்து அங்கே உட்கார்ந்திருந்தாள். காலி அன்னக்கூடையை மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

உங்களில் குப்பத்துக்காரிகளுக்குத் தெரியும். வலைப்பாட்டைப் பொம்பளை பாடக்கூடாது. வலை தண்ணீரில் இருக்கும்போது பாடினால் மடி வெறுமையாக வரும் என்பார்கள். அம்மா வீட்டுக்குள்தான் பாடினாள். ஆனால் தம்பி தூங்குகிற நேரமும் வலை கடலில் இருக்கிற நேரமும் ஒன்றுதான்.

"பொம்பள வாயில வலப்பாட்டா?" என்றார் பெரியப்பா. அம்மாவைப் பார்த்துச் சொல்லவில்லை, நைனாவைப் பார்த்துச் சொன்னார். "போன வருசம் மடி மடியா வெறும் பாசி வந்துச்சே. எதுக்குன்னு இப்ப தெரியுது."

நைனா கயிற்றைப் பார்த்தார்.

அம்மா பெரியப்பா எதிரில் பேசமாட்டாள். குடும்பத்துக்கு மூத்தவர். அன்றைக்குப் பேசினாள். அன்னக்கூடையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். அவளுக்குக் கனத்த குரல். போனில் கேட்டால் ஆம்பளை என்பார்கள், அந்த மாதிரி. சந்தையில், 'மீசை இல்லாத குறைதான்' என்று கிண்டல் பண்ணுவார்கள்.

"புள்ள தூங்கல மாமா. எனக்கு வேற பாட்டு தெரியாது. கரையில இருந்து இதுதான் காதுல வுழுந்துகினே இருந்துச்சு. ஒரு வார்த்தைய மாத்திக்கினேன்."

அந்தக் குரலைக் கேட்டதும் வாத்தியார் பாட்டுத் தாளைக் கீழே வைத்தார். சர்ச் அக்காவும் திரும்பிப் பார்த்தாள். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். வாத்தியார் சொன்னார், "ஆம்பளைங்க வாங்குன்னு நிறுத்தின உடனே, இந்த அம்மா தனியா முதல் தூங்கு பாடட்டும். அப்புறம் எல்லாரும் சேரலாம். அவங்க குரல்தான் பாலம்."

"அவ ஏறினா நாங்க எறங்கிடுவோம் சார்" என்றார் பெரியப்பா.

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்கிற மாதிரி சொன்னார். அதுதான் பயம்.

வாத்தியார் பேச்சை மாற்றினார். மேடைக்குப் பெஞ்சு எத்தனை வேண்டும் என்று தெரிய ஆளை எண்ண ஆரம்பித்தார். நாம் ஒரு இடத்தில் நின்றால்தானே. மூணு தடவை எண்ணி மூணு கணக்கு வந்தது. பெரியப்பா, "நகருங்க சார்" என்றார். மீன் எண்ணி எண்ணிப் பழகின கை. முதலில் தன் நெஞ்சில் கையை வைத்து, "லாபம்" என்றார். அப்புறம் "ரெண்டு, மூணு" என்று விரலை நீட்டிப் போனார்.

"லாபம்னா?" என்றார் வாத்தியார், எண்ணி முடித்ததும்.

"ஒண்ணுன்னு ஆரம்பிச்சா ஒண்ணோட நின்னுடும் சார். மொத ஆளு லாபம்."

"மொத்தம்?"

"நூத்தி நாப்பத்திரெண்டு."

"இன்னும் ஒண்ணு சேத்துக்கலாமா?" வாத்தியார் மெதுவாகக் கேட்டார்.

"இதோட நிக்கட்டும்" என்றார் பெரியப்பா.

அம்மாவுக்கு மேடையில் நிற்க ஆசை. அதைச் சொல்லவில்லை. சொல்லவே மாட்டாள். ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. காலையில் தலையில் கூடையோடு பஸ்ஸுக்கு நடப்பாள். நானும் கூட நடப்பேன். முன்னெல்லாம் மீன் விலை பேசிக்கொண்டு நடப்பாள். இப்போது வாய்க்குள் ரெண்டாம் குரலை முனகிக்கொண்டு நடந்தாள். ஒருநாள் நின்று கேட்டாள், "அந்த 'மணல் தொடுது'ல சர்ச்சுக்காரங்க மேல போறாங்களே, நாம கீழயே நிக்கணுமா?" நான், "கீழயே நிக்கணும்மா" என்றேன். "நல்லது. கீழதான் எனக்கு வசதி" என்றாள்.

சர்ச் அக்கா ஒரு வெள்ளைப் புடவை கொண்டுவந்து அம்மாவின் கையில் வைத்தாள். நீலக் கரை. துவைத்துக் கஞ்சி போட்டு மடித்தது. "வச்சிக்கோ தங்கச்சி. நிக்கிறியோ இல்லையோ." அம்மா வாங்கி முகத்தில் வைத்துப் பார்த்தாள். அடுத்த ஞாயிறு திருப்பிக் கொடுத்துவிட்டாள். "வேணாங்க்கா. எங்க வூட்டுக்காரரு அதே கயித்துலதான் தெனமும் நிக்கணும். நான் ஏறிட்டா அவரோட எவனும் நிக்கமாட்டான்."

நைனா இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சர்ச் ஆட்கள் குடம் இருந்த இடத்துக்குப் போனார். ஒரு டம்ளர் மொண்டு குடித்தார். எங்கள் ஆட்கள் பார்த்தார்கள். இன்னொரு டம்ளர் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு கயிற்றுக்கு வந்தார்.

அப்புறம் ஒரு பேஜாரு வந்தது. வலைப்பாட்டை நிறுத்த முடியவில்லை.

நிறுத்தச் சொல்லி வாத்தியார் கையைக் காற்றில் வெட்டுவார். நாம் நிற்போம். சர்ச் ஆட்கள் நிற்பார்கள். வலைக்காரர்கள் இழுத்துக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் வாத்தியாரைப் பார்க்கிறதே இல்லை. கயிற்றைத்தான் பார்ப்பார்கள்.

"கை காட்டினேனே, நிறுத்தக் கூடாதா?"

"மடி வரல சார். வராம எப்படி நிறுத்துறது?"

கேட்டால் சரிதானே. பாதியில் நிறுத்தினால் வலை கடலுக்குப் போய்விடும். பெரியப்பா "மடி வந்தாச்சு" என்று குரல் கொடுத்தால்தான் கயிற்றை விடுவார்கள். மைதானத்தில் மடி ஏது? வாத்தியார் ஒரு வழி கண்டுபிடித்தார். கயிற்றில் ஓர் இடத்தில் சிவப்புத் துணி கட்டினார். "இதுதான் மடி. இது உங்க கைக்கு வந்தா மடி வந்தாச்சு." பெரியப்பா துணியைத் தடவிப் பார்த்தார். "சரி, மடி" என்றார். அதிலிருந்து சரியாக நின்றது.

கச்சேரி மாசி மாசம், ஞாயிறு சாயங்காலம். கடலோரத்தில் பெஞ்சுகளைப் படி மாதிரி அடுக்கியிருந்தார்கள். சவுக்குக் கழியில் டியூப்லைட். அன்றைக்கு உளிச் சத்தம் இல்லை. கல் வேலைக்காரர்களும் பாட்டுக் கேட்க வந்து மணலில் உட்கார்ந்திருந்தார்கள். சதுரங்கப்பட்டினத்தில் இருந்துகூட ஆள் வந்திருந்தது. அம்மா முன்னால் இடதுபக்கம் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கும் மீன் விற்றுவிட்டு நேராக வந்திருந்தாள். பச்சைப் புடவை, முழங்கால் வரைக்கும் ஈரம்.

முதலில் நம் பள்ளிக்கூடங்கள் பாடின. அப்புறம் சர்ச் பாட்டுக்குழு பாடியது. கூட்டம் வாயைத் திறந்துகொண்டு கேட்டது. அலை கூடக் கொஞ்சம் மெதுவாக வந்த மாதிரி இருந்தது. அப்புறம் டின்னரு செட்டு கயிற்றைப் பிடித்தது. மேடைக்குப் பின்னால் கம்பத்தில் கயிறு சுற்றியிருந்தது. நைனா அங்கே நின்று விட்டுக்கொடுத்தார்.

மடி வருது, வாங்கு.

மணலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் குதிகால் அதிர்ச்சி உடம்பில் ஏறியிருக்கும். பிள்ளைகள் எழுந்து ஆட ஆரம்பித்தன. கைதட்டல். பெரியப்பா புதுப் புது அடி எடுத்தார். கயிறு வந்துகொண்டே இருந்தது. துணி வரவேண்டிய நேரம் வந்தது. துணி வரவில்லை.

வாத்தியார் கையை வெட்டினார். ஒருத்தரும் பார்க்கவில்லை. மறுபடி வெட்டினார். நாம் எல்லாரும் மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு நின்றோம். 'தூங்கு' ஆரம்பிக்க வேண்டுமே. என் பக்கத்தில் நின்றவள், "இன்னாடி, துணி எங்கடி?" என்றாள். கயிறு பின்னால் மலை மாதிரி கிடந்தது. கரையில் இருந்து கடல் வரைக்கும் போகிற கயிறு. அது முழுசும் வரவேண்டும் என்றால் விடிந்துவிடும்.

பெரியப்பா வேகம் கூட்டினார். மடி கிட்டே வந்தால் வேகம் கூட்டுவார்கள், அதுதான் பழக்கம். அடி தீர்ந்துபோய், பாடின அடியையே திரும்பப் பாடினார். குரல் உடைந்தது. இழுக்கிறவர்களுக்கு மூச்சு வாங்கியது. கூட்டத்தில் ஒருத்தன், "இன்னா அண்ணாத்த, திமிங்கலம் மாட்டிக்கிச்சா?" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் முகம் சுருங்கியது. வாத்தியார் கை தூக்கினபடியே நின்றது. ஊர் பூரா பார்க்க, பெரியப்பாவால் நிறுத்தவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. எனக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் மணலில் இருந்து அந்தக் குரல் வந்தது.

மடி வந்தாச்சு.

கத்தவில்லை. தூளிப் பக்கத்தில் பாடுகிற மாதிரிதான் பாடினாள். ஆனால் அவ்வளவு ஆம்பளைக் குரலுக்கும் அடியில் போய் அவர்களைத் தூக்கி நிறுத்துகிற குரல். வலைப்பாட்டுக்கு மடி வந்தால்தான் முடிவு. அம்மா பாட்டுக்குப் பிள்ளை தூங்கினால் போதும். வலை இல்லாமல் முடிக்கத் தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

பெரியப்பாவின் கை திறந்தது. யோசித்துத் திறக்கவில்லை. அந்த வார்த்தைக்கு முப்பது வருஷமாகத் திறக்கிற கை. எல்லார் கையும் திறந்தது. கயிறு தொப்பென்று மணலில் விழுந்தது.

அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த அமைதியில் அம்மா முடித்தாள். தூங்கு.

எழுந்து நின்றிருந்தாள். தான் எழுந்ததே அவளுக்குத் தெரியாது. தெரிந்ததும் உட்காரப் போனாள்.

"இன்னாத்துக்குக் குந்துற?" என்றார் பெரியப்பா. மூச்சு வாங்கிக்கொண்டே, மேடையில் இருந்து, எல்லாருக்கும் கேட்க. "பாலத்தக் கீழ வுட்டுட்டு நாங்க மேல இன்னா பண்றது? ஏறி வாம்மா."

சர்ச் அக்கா குனிந்து கையை நீட்டினாள். அம்மா ஈரப் புடவையைச் செருகிக்கொண்டு பெஞ்சில் ஏறினாள். அவ்வளவு வெள்ளைக்கும் நடுவில் ஒரே ஒரு பச்சை. மீன் வாசனை மூணாவது வரிசை வரைக்கும் வந்தது. ஒருத்தரும் மூக்கை மூடவில்லை.

ஒத்திகையில் ஒருநாளும் சரியாக வராத இடம் அதற்கு அப்புறம்தான். ஆம்பளைகள் அடிக்குரலில் வாங்கு, நாமும் சர்ச் ஆட்களும் தூங்கு, ரெண்டும் ஒரே நேரத்தில். அவர்கள் வேகம் வேறு, நம் வேகம் வேறு. மோதிக்கொள்ளும். அன்றைக்கு அம்மா நடுவில் நின்றாள். குரல் அவர்களுடையது, வார்த்தை நம்முடையது. ரெண்டு பக்கமும் அவளைக் கேட்டுப் பாடியது. ஊமைக்கட்டை வருகிற இடத்தில் வாத்தியார் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. அழுதுகொண்டிருந்தார். அம்மா அந்த இடத்தையும் சேர்த்து நிரப்பினாள். யாரோ கேசட்டில் பிடித்தார்கள் என்று பேச்சு. அந்தக் கேசட்டு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. போகட்டும். நமக்குக் கேட்கிறது.

முடிந்ததும் பெரியப்பா நேராக நைனாவிடம் போனார்.

"துணி எங்கடா?"

"அவுத்துட்டேன்."

"இன்னாத்துக்கு அவுத்த?"

"கயித்துல கந்தல் இருந்தா சுருட்ட வுடுவியா அண்ணாத்த? நீதான சொல்லிக் குடுத்த?"

உண்மைதான். கடலுக்குப் போகிற கயிற்றில் கந்தல், முடிச்சு இருந்தால் அவிழ்க்காமல் சுருட்டமாட்டார்கள். கை அதுவாகச் செய்யும். நைனாவின் கையும் அப்படிச் செய்திருக்கும். இல்லை, தெரிந்தே அவிழ்த்தாரோ என்று இந்த வயசில் எனக்குத் தோன்றுகிறது. கடைசி வரைக்கும் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சர்ச் ஆட்கள் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு பொட்டலம், மேடை ஏறினவர்களுக்கு. எங்கள் ஆட்களில் ஒருத்தரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சர்ச் அக்கா கூடையை வைத்துக்கொண்டு, "மொத்தம் எத்தன பேருண்ணே?" என்று கேட்டாள். பெரியப்பா எண்ண வந்தார்.

அம்மா தள்ளி நின்று புடவை முந்தியைப் பிழிந்துகொண்டிருந்தாள். பெரியப்பா கை நெஞ்சுக்குப் போகவில்லை. நீண்டு அவள் பக்கம் போனது.

"லாபம்."

அப்புறம் தன் நெஞ்சில் வைத்தார். "ரெண்டு." நைனா மூணு. சர்ச் அக்கா நாலு. அப்படியே வரிசை பிடித்துப் போனார். நாம் யாரும் நகரவில்லை.

நூத்தி நாப்பத்திமூணு.